தலை தீபாவளிக்குப் போட்ட துண்டு

அன்று காலை ஆபீஸில் என் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தேன். அது மேஜைமேல் உறுமி உறுமி, கொஞ்சம் கொஞ்சமாகக் காபிக் கோப்பையின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிடுவது யார் என்று திருப்பிப் பார்க்கத் தேவையே இல்லை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன என் வீட்டுக்காரர்.

எதிரே சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறினால் எங்கள் சர்வர்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள். கோடு போய் டிவியின் மேல்விளிம்பில் முட்டி நின்றபோது, பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகத் தீபாவளி டிக்கெட் எடுக்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கைப்பேசியிலும் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரின் சென்ற அத்தியாயத்தை ஆஸ்டின் டவுன் மாடி வீட்டில் தண்ணீர் மோட்டாருக்காக நான் போட்ட சண்டையோடு நிறுத்தியிருந்தேன். அந்தச் சண்டை இந்த வாரம் அப்படியே கிடக்கட்டும். தீபாவளி நெருங்கிவிட்டது, எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சிவப்புக் கோடுதான் முன்னால் வந்து நிற்கிறது.

கண்டக்டர் உத்தியோகம்

வைட்ஃபீல்டில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. தனியார் பஸ்காரர்களின் டிக்கெட்டுகளை இணையத்தில் விற்றுக் கொடுப்பது கம்பெனியின் தொழில். கூட்டம் வரும்போது அந்த இணையதளம் கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வேலை. குழு என்றால் மூன்று பேர்தான். மேனேஜர் மஞ்சுநாத் கன்னடக்காரர். தமிழ்ப் பிள்ளைகளோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்ததால் தமிழும் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும். பிரேசர் டவுன் ஸ்டீபன் என்னைவிட இளையவன், வீடே பற்றி எரிந்தாலும் டீ குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். மூன்றாவது ஆள், செங்கத்திலிருந்து வந்த நான்.

செங்கத்தில் என் வேலையை ஒருவருக்கும் விளக்க முடிந்ததில்லை. அப்பாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெங்களூரில் பஸ் டிக்கெட் எல்லாம் எங்கள் கௌரிதான் கொடுக்கிறாள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் நான் தோளில் தோல்பையும் வாயில் விசிலுமாக நிற்பதாக நினைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், கால்வலி அதிகமாக இருக்கிறதா என்று அக்கறையாக விசாரிப்பார்.

அந்த வருடம் எங்களுக்குத் தலை தீபாவளி. அம்மா அதிரசத்துக்கு மாவு தயார் செய்துவிட்டாள். அப்பா மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்து, அதைத் தன் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டி, திரும்ப மடித்து வைத்தார். மாப்பிள்ளை ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டே வந்து இறங்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். டிக்கெட் கொடுப்பவளின் புருஷன் நின்றுகொண்டு வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்?

செங்கம் வழியாகப் போகிற நல்ல பஸ் எங்கள் தளத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் எங்களுக்கு இரண்டு சீட் வேண்டும். கம்பெனிக்குள் இருப்பவள்தானே, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் மாமா குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று பாதி பஸ்ஸைத் தனியாக ஒதுக்கி வைக்க, பஸ்காரர் ஆபீஸுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து மஞ்சுநாத் ஒரு சட்டம் போட்டிருந்தார். யாராக இருந்தாலும் வெளியே நின்று, எல்லோரையும் போல எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நடப்பதை வெளியே சொல்லவும் கூடாது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் பொறுப்பு என் வீட்டுக்காரர் பிரபுவிடம் போனது. மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் மணிக்கணக்கில் காத்திருந்து பழகியவர், இது ஒரு விஷயமா என்றார்.

அப்பாவின் பாக்கலாம்

இங்கே ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்.

அப்பாவுக்குச் செங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை. ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’ என்று ஓர் அட்டை வருடா வருடம் வாசலில் தொங்கும். அட்டையைத் தள்ளிக்கொண்டே ஆட்கள் உள்ளே வருவார்கள். ஒருத்தி அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், ஒருத்தி எனக்குப் பாடம் எடுத்த டீச்சர், ஒருத்தி நேற்றே வந்து அழுதுவிட்டுப் போனவள். முடியாது என்கிற வார்த்தை அப்பாவுக்கு வாயில் வரவே வராது. வைத்துவிட்டுப் போம்மா, பாக்கலாம் என்பார்.

தீபாவளிக்கு முந்தின நாள் அத்தனை பாக்கலாமும் ஒன்றாகத் திரும்பி வரும். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை இருக்காது, இன்னொன்றுக்குக் கொக்கி இருக்காது. என்னுது ஆயிடுச்சா என்று ஒருத்தி கேட்டால் அப்பா மெஷினை நிறுத்திவிட்டுத் துணிக் குவியலில் தேடுவார். தேடும்போது தையல் நிற்கும். தையல் நின்றதால் இன்னும் நாலு பேர் வந்து கேட்பார்கள். மத்தியானம்வரை எல்லோருக்கும் பதில் சொல்லியிருப்பார், ஒரு ஜாக்கெட்கூட முடிந்திருக்காது.

பிற்பாடு வேலைக்கு வந்து, கூட்ட நெரிசலில் ஒரு சர்வர் எப்படிப் படுத்துவிடுகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள இல்லை. எல்லோரிடமும் சரி சொல்லிவிட்டு ஒருவருக்கும் முடித்துக் கொடுக்காத ஆளை எனக்கு வீட்டிலேயே தெரியும். சிலருக்காவது வேலை முடிய வேண்டுமானால் மற்றவர்களிடம் இப்போது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மரியாதையான பயணிகள்

அதற்கு முந்தைய தீபாவளிக்கு எங்கள் தளம் திறந்த வேகத்தில் படுத்திருந்தது. இந்த முறையும் அப்படி ஆனால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று பஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் பலமாகத் தயாரானோம். சர்வர்களை அதிகமாக்கினோம். தளத்தின் வாசலில் ஒரு காத்திருப்புக் கூடம் கட்டினோம். வருபவர்கள் அங்கே நிற்பார்கள், உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். உள்ளே வந்தவர் ஒரு சீட்டைத் தொட்டால் அது பத்து நிமிடம் அவருக்கே. அதற்குள் பணம் கட்டிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டீபன் கூட்டம் கூட்டமாகப் பொய்ப் பயணிகளை உருவாக்கினான். புரோகிராமில் பிறந்த பயணிகள். தங்கமானவர்கள். வந்தார்கள், ஒரு சீட்டைத் தொட்டார்கள், பணம் கட்டினார்கள், போய்விட்டார்கள். இதற்கு முந்தின வரிசையில் கிடைக்குமா, டயருக்கு மேல் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவப்புக் கோடு தரையை விட்டு எழவே இல்லை. மஞ்சுநாத் சந்தோஷத்தில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

இதை யார் செய்தோம் என்று பாருங்கள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் வீசி இடம் பிடித்த வம்சம் நாங்கள். துண்டு இல்லாத ஒரு சமயம் அப்பா என்னையே ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி இடம் பிடித்திருக்கிறார். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு டிக்கெட் தளத்தைக் கட்டிவிட்டு, வருகிறவர்கள் எல்லாரும் கைகட்டி வரிசையில் வருவார்கள் என்று நம்பினோம். மைசூர்பாகு வேறு தின்றோம்.

சிவப்புக் கோடு

தளத்தைத் திறந்ததும் கூட்டம் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் எல்லா பஸ்ஸிலும் எல்லா சீட்டும் பிடிபட்டுவிட்டதாகக் காட்டியது. ஆனால் பணம் மட்டும் வரவே இல்லை.

மஞ்சுநாத் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “கௌரி, சீட்டெல்லாம் ஃபுல்லு. துட்டு மட்டும் வரலையே. ஏன் ஆயித்து?” என்ன ஆச்சு என்பதற்குக் கன்னடம் வந்துவிட்டது.

எனக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் காலி சீட் தெரியவில்லை, அதனால் ஒருவர் விடாமல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தார்கள். அந்த ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வர் போய்ச் சீட்டுப் படத்தைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. காட்டிக் காட்டியே களைத்துப்போனது. ஸ்டீபன் இன்னும் சில சர்வர்களைச் சேர்த்தான். நிலைமை மோசமானது. சீட்டுக் கணக்கு இருப்பது ஒரே இடத்தில். புது சர்வர்கள் அந்த ஒரே இடத்துக்குக் கேள்வி கேட்க மேலும் ஆட்களை அனுப்பிவைத்தன.

இழுத்து மூடிவிட்டு மறுபடி திறக்கலாமா என்று ஸ்டீபன் கேட்டான். மூடினால் எல்லோரும் வாசலில் குவிவார்கள், திறந்ததும் ஒரே நேரத்தில் உள்ளே விழுவார்கள். பஸ்காரர் ஒருவர் மஞ்சுநாத்தைப் போனில் பிடித்துவிட்டார். அவர் பேசியது எங்கள் இருவருக்கும் கேட்டது, கேட்காதது போல உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் கைப்பேசி உறுமி உறுமிக் காபிக் கோப்பையை இடித்தது. கோப்பையைக் காப்பாற்றுவதற்காக அதைத் தூக்கினேன். பிரபுவிடமிருந்து ஒரு செய்தி.

“சீட் புடிச்சாச்சு. என் போன், பழைய போன், லேப்டாப், ஓனரம்மா போன், நாலுலயும் ரெண்டு ரெண்டு. எது நல்ல இடம்னு பாத்துட்டு மெதுவா பணம் கட்டிக்கறேன். டென்ஷன் ஆகாத.”

படித்ததும் எனக்கு மண்டையில் யாரோ குட்டியது போல இருந்தது. இந்த நகரத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பிரபுக்கள், சாப்பாட்டு மேஜையில் நாலைந்து கைப்பேசிகளைப் பரப்பிக்கொண்டு, எது நல்ல இடம் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? இவர் பிடித்து வைத்ததால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பிடித்ததால் இவர் விட மறுக்கிறார். பத்து நிமிடம் முடிந்தால் இன்னொரு போனில் மறுபடி பிடிக்கிறார்கள்.

“துண்டு போட்டு வெச்சிருக்காங்க சார்” என்றேன்.

மஞ்சுநாத்துக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரும் அதே பஸ்களில் வளர்ந்தவர்தான். ஸ்டீபன் டீயைக் கீழே வைத்துவிட்டு, “ஐயையோ, எங்க வீட்லயும் அம்மா அதாங்க்கா பண்ணினு இருப்பாங்க” என்றான்.

என் கையில் இருந்த பொத்தான்

வழி உடனே புலப்பட்டது. பணம் கட்டாமல் பிடித்து வைத்திருக்கும் எல்லா சீட்டையும் ஒரே அடியாக விடுவிக்க வேண்டும். பிடித்தவர்களைக் காத்திருப்புக் கூடத்தின் கடைசிக்கு அனுப்ப வேண்டும். இனி பிடித்தால் இரண்டே நிமிடம். உள்ளே விடும் ஆட்களையும் பாதியாகக் குறைத்து, மற்றவர்களுக்கு வட்டம் சுற்றிக் காட்டாமல், இப்போது முடியாது, அப்புறம் வாருங்கள் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அதைச் செய்ய வேண்டிய பொத்தான் என் கணினியில் இருந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் என் கைப்பேசி இருந்தது. உடனே பணம் கட்டுங்க என்று மூன்று வார்த்தை தட்டினால் போதும். தலை தீபாவளி, ஜன்னலோரம், அப்பாவின் மானம் எல்லாம் பத்திரம். விரல் அங்கே போனதும் உண்மை.

நேர்மைதான் தடுத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் மஞ்சுநாத் பின்னாலேயே நின்றார். அதைவிட, நாலு போனில் எட்டு சீட்டை வைத்துக்கொண்டு என்னை டென்ஷன் ஆகாதே என்று சொன்ன மனிதர்மேல் எனக்குக் கோபமும் வந்திருந்தது. கைப்பேசியைத் திருப்பி மஞ்சுநாத்திடம் காட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். அவருக்குத் தலை தீபாவளி விஷயம் தெரியும். பட்டு வேட்டியின் கரை என்ன நிறம் என்பதுகூடத் தெரியும், அவ்வளவு பேசியிருந்தேன்.

“நீங்க எழுந்துருங்கம்மா, நான் பண்றேன்” என்றார்.

“வேணாம் சார்” என்றேன். “எங்க வீட்டுத் துண்ட நானே எடுக்கறேன்.”

அழுத்தினேன்.

சீட்டுகள் கலகலவென்று காலியாகிப் பச்சையாக மாறின. அடுத்த சில நொடிகளில் முதல் பணம் வந்தது, பிறகு தொடர்ந்து வந்தது. சிவப்புக் கோடு யோசித்து யோசித்து இறங்கியது. ஸ்டீபன் போய்ப் புதிதாக ஒரு டீ வாங்கி வந்தான். பஸ்காரர் திரும்பக் கூப்பிட்டு, இந்த முறை தாழ்ந்த குரலில் பேசினார்.

என் கைப்பேசியில் மூன்று செய்திகள் வந்தன. முதலாவது, சீட் போச்சு. இரண்டாவது, எட்டும் போச்சு. மூன்றாவதில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அவர் மறுபடி வரிசையில் நின்று உள்ளே வருவதற்குள் செங்கம் பஸ் நிரம்பிவிட்டது. வேறு யாரோ, பார்த்ததும் பணம் கட்டிய புண்ணியவான்கள்.

பேசாத வீடு

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பிரபு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“நான் புடிச்சு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சேவா பண்ண?”

“நீங்க சொன்னதாலதாங்க கண்டே புடிச்சோம்” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது. இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி ஆகிய விஷயங்கள் மட்டுமே பேசப்பட்டன. எனக்கு ஒரு வேளை அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும், மறு வேளை கோபமாக வரும். புதுக் கல்யாணத்தில் சண்டையை எப்படி முடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதுவரை எங்களுக்குள் முதல் சண்டையே போட்டிருக்கவில்லை.

இதற்கு நடுவில் அப்பா போன் செய்தார். மாப்பிள்ளைக்கு ஜன்னல் சீட்தானேம்மா என்றார். பாக்கலாம்ப்பா என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

சாந்தி நகர்

தீபாவளிக்கு முந்தின நாள் முன்பதிவு இல்லாத பஸ் பிடிக்கச் சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டுக்குக் காலையிலேயே போனோம். டீசலும் மல்லிகைப்பூவும் இனிப்புப் பெட்டிகளின் நெய்யும் சேர்ந்த வாசனை. திருவண்ணாமலை பஸ் வளைந்து உள்ளே வந்தபோது, கூட்டம் அதோடு சேர்ந்து ஓடியது. பிரபு பையை என்னிடம் தள்ளிவிட்டு ஓடினார். கல்யாணத்துக்கு அப்பா போட்ட ஜரிகைத் துண்டைத் தோளிலிருந்து உருவி, ஒரு ஜன்னலில் வீசினார். குறி தவறாத வீச்சு. அந்தக் கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நெருக்கியடித்து ஏறி அந்தச் சீட்டுக்குப் போனால், கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. ஜரிகைத் துண்டு குழந்தையின் வாய்க்குக் கீழே இருந்தது; குழந்தை அதில் சற்றுமுன் குடித்த பாலைத் தாராளமாகத் திருப்பிக் கொடுத்திருந்தது.

“உங்க துண்டாண்ணா இது?” என்று அவள் சங்கடமாகக் கேட்டாள்.

பிரபு துண்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “உக்காரும்மா, பரவால்ல” என்றார். “பணம் கட்டாத துண்டு. எடுத்துட வேண்டியதுதான்.”

அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியாமல் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஓசூர் தாண்டும்போது பழையபடி எல்லாம் பேச ஆரம்பித்திருந்தோம். ஊத்தங்கரையில் ஒரே ஒரு சீட் காலியானது. என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவர் செங்கம்வரை நின்றே வந்தார்.

ஆள் வராங்க

இறங்கி, சாலையைத் தாண்டி, நேராகக் கடைக்குப் போனோம். வழக்கமான காட்சிதான். வாசலில் அட்டை தொங்கியது, அட்டைக்குக் கீழே ஜாக்கெட் கேட்டு ஒரு கூட்டம் நின்றது. அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து ஓடி வந்தார். வாங்க மாப்பிள்ளை என்று கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஜன்னலோர சீட்தானே கிடைத்தது என்று கேட்டார்.

பிரபுவின் சட்டை கசங்கிச் சுருண்டு, தோளில் பால் வாடை அடிக்கும் துண்டு தொங்கியது.

“ஆமா மாமா” என்றார். “கௌரி இருக்கும்போது சீட்டுக்கு என்ன கவலை?”

அப்பா திரும்பி, கொக்கி இல்லாத ஜாக்கெட்டுகளோடு நின்ற பெண்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. புது ஆளைக் கல்யாணம் செய்துகொண்டோமே, எப்படி இருப்பாரோ என்று அதுவரை உள்ளே ஒரு மூலையில் இருந்த பயம் அந்த இடத்தில் போய்விட்டது.

கடையில் இரண்டே ஸ்டூல்கள். ஒன்றை அப்பா மாப்பிள்ளைக்குத் துடைத்துப் போட்டார். அவர் அதில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் உண்மை புரிந்திருக்கும். நல்லவேளை, அப்பா யாரிடமோ பாக்கலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரபு மெல்லத் தோளிலிருந்த துண்டை எடுத்து, பக்கத்து ஸ்டூலில் விரித்துப் போட்டார். ஜாக்கெட் வாங்க வந்த ஓர் அம்மா அதில் உட்காரப் போனாள்.

“அதுக்கு ஆள் வராங்கம்மா” என்றார், என்னைப் பார்த்து.

நான் போய் உட்கார்ந்தேன்.